பேரும் ஊரும்: இணைய விபரக்கொத்து எவ்வாறு அமைதல் வேண்டும்?

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே, கேகாலையைக் கடந்து கடுகண்ணாவை மலையேற்றத்தை அணுகுமுன் வருவது மாவனல்லை. மா ஓயா என்னும் ஆறும், அதன் குறுக்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முப்பதுகளிற் கட்டப்பட்ட பழைய பாலமும் அவ்வூரின் அடையாளங்கள். சிங்கள மக்கள் பெரும்பான்மையினராக வாழும் கேகாலை மாவட்டத்திலே, தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் பலரும் இவ்வூரையும் இதன் சுற்றுப்புறத்தையும் தம் இருப்பிடமாகக் கொண்டுள்ளனர். கடைவீதியிலும் அதனை அடுத்த ஊர்களிலும் முஸ்லிம் மக்கள் வாழ்கின்றனர். மலைச்சரிவுகளில் உள்ள இறப்பர்த் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் மலையகத் தமிழ் மக்கள் வாழ்கின்றனர்.

அத்தோட்டங்களுள் ஒன்றிலே இறப்பர்ப் பால் வெட்டி வந்த ஒரு பெண்மணி ஐம்பது வயதில் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறாள் என்று கொள்க. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி அவளது சம்பளத்தில் நூற்றுக்கு எட்டு வீதமும், தோட்ட நிருவாகத்தின் பங்காக நூற்றுக்குப் பன்னிரண்டு வீதமும் அவள் பெயரில் சேர்ந்திருக்கின்றன. அது அவளுடைய பணம். எவரும் இரக்கப்பட்டு ஈவதன்று. ஆனால் அதனைப் பெறுதற்கு எந்த அலுவலகத்துக்குச் செல்லவேண்டும்? எந்தப் படிவத்தை நிரப்பவேண்டும்? எவ்வெப் பத்திரங்களைக் கையிற் கொண்டுபோகவேண்டும்?

இவ்வினாக்களுக்கு விடை தெரியாமையால் அவள் முதல் நாள் மாவனல்லைக்கு இறங்கி வருகிறாள். அங்கே ஓரிடத்தில் விசாரித்தால், கேகாலைக்குப் போகும்படி சொல்கிறார்கள். இரண்டாம் நாள் கேகாலைக்குப் போனால், பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒவ்வாதிருக்கின்றன என்று திருப்பி அனுப்புகிறார்கள். மூன்றாம் நாள் போனால், அன்று பொதுமக்கள் தினமன்று என்கிறார்கள். மூன்று நாளும் துணைக்குச் சென்ற மகனுக்கு மூன்று நாட் பேர் இல்லை. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குச் செக்ரோலில் விழும் பதிவையே பேர் என்பர். குறிப்பிட்ட அளவு கொழுந்தோ பாலோ குறைந்தால் அரைப்பேர். வேலைக்கே வாராவிட்டால் பேரே இல்லை. ஒரு செய்தி உரிய காலத்தில் உரியவர் கைக்குக் கிட்டாமையின் விலை என்ன என்பதனை இப்பேரைக் கொண்டே அளந்துவிடலாம்.

இத்தகைய அலைச்சலைத் தவிர்ப்பதற்கு உரிய கருவி ஒன்று உண்டு. அதுவே விபரக்கொத்து. இன்ன காரியத்துக்கு இன்ன இடம், இன்ன எண், இன்ன நேரம் என்று ஒழுங்குபட வகுத்துக் காட்டும் பட்டியல் அது. முன்னாளிலே தடித்த புத்தகமாக இருந்தது. இந்நாளிலே இணையத்தில் ஏறியிருக்கிறது. ஆயினும் இணையத்தில் ஏறிய அளவிலே அது திருந்திவிட்டது என்று கொள்ளல் ஆகாது. புத்தகத்தில் இருந்த குறைகளோடு புதிய குறைகள் சிலவும் அங்கே சேர்ந்துகொள்வது உண்டு. அவற்றை எவ்வாறு நீக்கலாம் என்பது சிந்தித்தற்குரியது.

பட்டியலிடும் கலை தமிழர்க்குப் புதியதன்று. திவாகரம் என்னும் நிகண்டு சொற்களைப் பன்னிரண்டு தொகுதிகளாக வகுத்தது. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் என்று பொருள்பற்றி அமைந்தது அது. பின்னர் வீரமாமுனிவர் 1732ஆம் ஆண்டில் இயற்றிய சதுரகராதி, சொற்களை எழுத்து வரிசையில் அடுக்கித் தந்தது. இவ்விரண்டும் இருவேறு தேவைகளை நிறைவேற்றின. ஒரு பொருளைப்பற்றி அறிந்து அதற்குரிய பெயரைத் தேடுவோனுக்கு நிகண்டு உதவியது. பெயரை அறிந்து அதன் பொருளைத் தேடுவோனுக்கு அகராதி உதவியது. இன்றைய விபரக்கொத்துக்கும் இவ்விரு வாயில்களும் வேண்டும். அலுவலகத்தின் பெயரை அறிந்தவன் ஒரு வாயிலாலும், தன் தேவையை மட்டுமே அறிந்தவன் மற்றொரு வாயிலாலும் உள்ளே புகுதல் வேண்டும்.

இலங்கையிலே பத்தொன்பதாம் நூற்றாண்டில் பேர்குசன் குடும்பத்தார் வெளியிட்டுவந்த விபரக்கொத்து பெரும்புகழ் பெற்றது. தோட்டங்களின் பெயர், பரப்பு, உடைமையாளர், அத்தியட்சர் ஆகிய விபரங்களை அதிற் காணலாம். வரலாற்றை ஆராய்வோர் இன்றும் அதனைப் புரட்டுகின்றனர். ஆனால் அது யாருக்காக எழுந்தது? தோட்டத்தில் முதலிட்டோருக்கும், வணிகருக்கும், உத்தியோகத்தருக்கும் எழுந்தது. தோட்டத்திலே உழைத்தவன் அதனைப் படிப்பான் என்று தொகுத்தோர் கருதவில்லை. ஆகவே ஒரு விபரக்கொத்தைப்பற்றி முதலிலே கேட்கவேண்டிய கேள்வி அதில் எத்தனை பதிவுகள் உள்ளன என்பதன்று. அது யாரை மனத்திற் கொண்டு தொகுக்கப்பட்டது என்பதே.

இணைய விபரக்கொத்தின் வரலாறும் படிப்பினை நிறைந்தது. 1994ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஜெர்ரி யாங், டேவிட் பைலோ என்னும் இரு மாணவர்கள் தமக்குப் பிடித்த இணையத்தளங்களைப் பொருள்வாரியாக வகுத்துப் பட்டியலிட்டனர். அதுவே யாஹூ எனப் பெயர் பெற்று உலகெங்கும் பரவியது. 1998ஆம் ஆண்டிலே திறந்த விபரக்கொத்து ஒன்று தோன்றியது. டீமோஸ் எனப்பட்ட அதனை ஊதியம் பெறாத தொண்டர்களே பல மொழிகளிலும் தொகுத்தனர். யாஹூவின் விபரக்கொத்து 2014ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது. டீமோஸ் 2017ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மூடப்பட்டது.

இவை ஏன் மறைந்தன? தேடற்பொறிகள் வலுப்பெற்றமை ஒரு காரணம். இணையத்தளங்கள் பெருகிய வேகத்துக்கு மனிதர் கையால் வகுக்கும் வேகம் ஈடுகொடுக்கவில்லை என்பது மற்றொரு காரணம். புதிதாக இடம் கேட்டோர் நெடுநாட் காத்திருந்தனர். பழைய பதிவுகளோ இறந்துபட்ட தளங்களையே இன்னும் காட்டிக்கொண்டிருந்தன. உலகம் முழுவதையும் ஒரு பட்டியலில் அடக்க முயன்றமையே அவற்றின் பெருமை. அதுவே அவற்றின் தளர்ச்சிக்கும் காரணமாயிற்று. இதிலிருந்து பெறும் பாடம் யாதெனில், விபரக்கொத்து தன் எல்லையை அறிந்திருத்தல் வேண்டும் என்பதாம். ஒரு பிரதேச செயலகப் பிரிவின் அளவிலே நின்று, அங்குள்ள பதிவுகளைச் செம்மையாகப் பேணுவது மனிதரால் இயலும் காரியம்.

தேடற்பொறி இருக்கும்போது விபரக்கொத்து எதற்கு என்று சிலர் வினவலாம். அறிவு படைத்த இயந்திரங்களே கேட்ட கேள்விக்கு விடை சொல்லும் காலம் இது என்றும் சொல்லலாம். நல்ல வினாவே. ஆனால் எந்தப் பொறியும் எங்கோ ஒருவர் எழுதி வைத்ததையே எடுத்துத் தரும். மாவனல்லையில் தமிழிற் கடமையாற்றும் உத்தியோகத்தர் எந்த நாளில், எந்த அறையில் இருப்பார் என்பதை எவரும் தமிழில் எழுதி வையாவிடின், பொறி எதனைத் தேடி எடுக்கும்? இல்லாததை இருப்பதுபோற் கூறி வழிதப்பச் செய்தலும் கூடும். கிணற்றில் நீர் இருந்தாலன்றோ வாளியில் வரும்? ஆதலின் ஊர்தோறும் திருத்தமான பட்டியல் இருத்தல், பொறிகள் பெருகப் பெருக மேலும் இன்றியமையாததாகிறது.

இனி, விபரக்கொத்தில் வேண்டப்படும் திருத்தங்களை ஒவ்வொன்றாக நோக்கலாம்.

முதலாவது, பெயர். மாவனல்லை என்னும் பெயரையே சிலர் மாவனெல்லை என்று எழுதுகின்றனர். சிங்கள ஒலிப்பைத் தழுவி மாவனல்ல என்று எழுதுவாரும் உளர். ரம்புக்கனை, றம்புக்கன, அரநாயக்க, அரணாயக்கா, இரத்தினபுரி, ரத்னபுர என்று ஏனைய ஊர்ப் பெயர்களுக்கும் இக்கதியே. மனிதர் கண்ணுக்கு இவை ஒன்றே என்று தோன்றும். கணிப்பொறிக்கோ ஓரெழுத்து மாறினாலும் வேறு ஊர். மாவனெல்லை என்று தேடியவனுக்கு மாவனல்லை என்ற பதிவு கிட்டாது போயின், அப்பதிவு இருந்தும் இல்லாததே ஆகும். ஆகவே, ஓர் ஊருக்கு ஒரு வடிவத்தைத் தலைப்பாகக் கொண்டு, ஏனைய வடிவங்கள் அனைத்தையும் அதன்கீழ்ப் பதிதல் வேண்டும். எவ்வடிவத்தைத் தட்டினாலும் ஒரே கதவு திறத்தல் வேண்டும். அகராதிகளில் ஒரு சொல்லின்கீழ் வேறொன்றைக் "காண்க" என்று குறிக்கும் பழைய முறையே இது.

தோட்டங்களின் பெயரில் இச்சிக்கல் இன்னும் பெரிது. அரசாங்கப் பதிவேட்டிலே தோட்டத்துக்கு ஓர் ஆங்கிலப் பெயரோ சிங்களப் பெயரோ இருக்கும். அங்கு வாழ்வோர் நாவிலே வழங்குவது முற்றிலும் வேறானதொரு தமிழ்ப் பெயராயிருக்கும். மலையின் தோற்றம்பற்றியும், முன்னொருகால் இருந்த துரைபற்றியும், கங்காணிபற்றியும் எழுந்த பெயர்கள் தலைமுறை தலைமுறையாக வழங்கிவருகின்றன. ஒரு தோட்டத்துக்குள்ளேயும் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று பல பிரிவுகள் உண்டு; அவை ஒன்றுக்கொன்று நாழிகைக் கணக்கில் நடக்கவேண்டிய தொலைவிலும் இருக்கும். இவற்றையெல்லாம் அறிந்த முதியோர் இன்னும் உளர். அவர்களிடம் கேட்டு, பதிவேட்டுப் பெயரோடு மக்கள் வழங்கும் பெயரையும் இணைத்து எழுதிவிட்டால், அது விபரக்கொத்துக்கு மட்டுமன்றி வரலாற்றுக்கும் செய்த உதவியாகும்.

பெயரோடு ஒட்டியது முகவரி. லயத்திலே வாழும் குடும்பங்கள் பலவற்றுக்குத் தமக்கென வீட்டிலக்கமும் தெருப்பெயரும் இருந்ததில்லை. கடிதங்கள் தோட்டத்துக் கந்தோருக்கு வரும். அங்கிருந்து தப்பால் மூலம் கைமாறி வந்து சேரும். சில வேளை சேராமலும் போகும். நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கும் கடிதம் பரீட்சை முடிந்தபின் வந்ததாகச் சொல்லும் இளைஞரைத் தோட்டங்கள்தோறும் காணலாம். தோட்டப்பிரிவு, லயத்தின் இலக்கம், அறையின் இலக்கம், அண்மையிலுள்ள உபதபாலகம், கிராம உத்தியோகத்தர் பிரிவு ஆகியவற்றை ஒழுங்குபடக் காட்டும் பட்டியல் ஒன்று இருப்பின், தப்பால் வழிதவறாது. இங்கே பட்டியலிற் சேரவேண்டியது இடமேயன்றி ஆள் அன்று என்பதும் மறத்தற்குரியதன்று.

இரண்டாவது, எழுத்து. தமிழ் எழுத்துக்கள் யூனிகோட் என்னும் உலகப் பொது ஒழுங்கில் 1991ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றன. இலங்கை என்று தமிழில் முடியும் இணைய முகவரிக்கும் 2010ஆம் ஆண்டில் இசைவு கிடைத்தது. இருந்தும், பாமினி முதலான பழைய எழுத்துருக்களில் தட்டெழுதப்பட்ட ஆவணங்களும், தாளைப் படம்பிடித்து ஏற்றிய பக்கங்களும் இணையத்திற் பல உண்டு. இவை கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும் தேடலில் அகப்படா. "ஔ" என்னும் ஓரெழுத்தை எழுதவேண்டிய இடத்தில் "ஒ" என்பதனையும் "ள" என்பதனையும் அடுத்தடுத்துத் தட்டிவைத்தாலும் அதுவே விளைவு. ஔடதம் என்று தேடுவோனுக்கு அப்பதிவு கிட்டாது. அச்சுக்கோப்போன் ஒருவன் எழுத்துக்களைச் சரிபார்த்து அடுக்கிய கவனத்தோடு, விபரக்கொத்தின் பதிவுகளைச் சரிபார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, வகுப்புமுறை. அரசாங்க விபரங்களைத் தருவோர் அமைச்சு, திணைக்களம், பிரிவு என்று மேலிருந்து கீழாக வகுத்தல் வழக்கம். இது உத்தியோகத்தருக்கு எளிது, பொதுமக்களுக்கு அரிது. அமைச்சுக்களின் பெயர்கள் அரசாங்கம் மாறுந்தோறும் மாறுவன. ஒரு திணைக்களம் இன்று ஓர் அமைச்சின் கீழும் நாளை மற்றோர் அமைச்சின் கீழும் இருக்கும். மக்களின் தேவைகளோ மாறுவதில்லை. பிறப்பு, கல்வி, தொழில், திருமணம், நோய், முதுமை, இறப்பு என்ற வரிசையிலே மனித வாழ்வு செல்கிறது. இவ்வரிசையிலேயே விபரங்களை அடுக்கினால், எழுத்தறிவு குறைந்தவரும் தம் தேவையைக் கண்டுகொள்வர். நிகண்டாசிரியர் கையாண்ட முறையும் இதனின் வேறன்று.

தேசிய அடையாள அட்டையை உதாரணமாகக் கொள்ளலாம். பதினைந்து வயது நிரம்பிய மாணவன் ஒருவன் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றுமுன் அதனைப் பெறவேண்டியவனாகிறான். பாடசாலையிற் பயில்வோனாயின் அவன் விண்ணப்பத்தை அதிபர் உறுதிப்படுத்துவார். தோட்டத்தில் வதிவோருக்குத் தோட்ட அத்தியட்சரும், ஊரில் வதிவோருக்குக் கிராம உத்தியோகத்தரும் உறுதிப்படுத்துவர். அட்டையை வழங்குவதோ ஆட்பதிவுத் திணைக்களம். பட்டியலிலே "ஆட்பதிவுத் திணைக்களம்" என்ற தலைப்பும் ஒரு தொலைபேசி எண்ணும் மட்டும் இருந்தால், தோட்டத்துச் சிறுவனின் தந்தைக்கு அதனால் யாது பயன்? "அடையாள அட்டை முதன்முறை எடுத்தல்" என்ற தலைப்பின்கீழ், யாரிடம் முதலிற் செல்வது, எவ்வெப் பத்திரங்கள் வேண்டும், கட்டணம் யாது, எத்தனை நாள் ஆகும் என்பன வரிசையாக இருத்தல் வேண்டும். பெயரிற் பிழை இருந்தால் யாது செய்வது என்பதும் அங்கேயே இருத்தல் வேண்டும். ஏனெனில் தோட்டப் பதிவேட்டில் ஒரு பெயர், பிறப்புப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர் என்று அமைந்துவிடுவது அங்கே அரிதான செய்தியன்று. அந்த ஓரெழுத்துப் பிழையே பின்னொரு நாள் சேமலாப நிதியைப் பெறுதற்கும் தடையாக வந்து நிற்கும்.

நான்காவது, மொழி. 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டுமே அரசகரும மொழியாக்கியது. 1958ஆம் ஆண்டிலே தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென்று கூறியது. 1988ஆம் ஆண்டின் பதினாறாவது திருத்தம் ஆட்சிமொழிபற்றிய உரிமைகளை விரித்துரைத்தது. அதன்படி, சிங்களம் நிருவாக மொழியாக வழங்கும் பிரதேசத்திலும், ஒரு குடிமகன் உத்தியோகத்தருடன் தமிழிலோ ஆங்கிலத்திலோ தொடர்புகொள்ளவும் விடைபெறவும் உரிமை உடையவன். ஆகவே விபரக்கொத்திலே தமிழ்ப் பக்கம் இருப்பது ஒருவர் செய்யும் சலுகையன்று. நாட்டின் உயர்சட்டம் வகுத்த கடமை.

தமிழ்ப் பக்கம் என்று ஒன்று இருந்தால் மட்டும் போதாது. தலைப்பு தமிழிலும் உள்ளடக்கம் ஆங்கிலத்திலும் இருக்கும் பக்கம், பெயர்ப்பலகை மட்டும் உள்ள பூட்டிய கடையை ஒக்கும். தமிழிற் படிவம் கிடைக்குமா, தமிழில் விடை எழுதுவார்களா, தமிழ் பேசும் உத்தியோகத்தர் எந்நாளில் இருப்பார் என்பவற்றை ஒவ்வொரு பதிவிலும் தனி நிரலாகக் காட்டுதல் வேண்டும். அந்நிரலில் "இல்லை" என்று எழுத நேரிடினும் எழுதுக. உண்மையைக் கண்டபின்னரே திருத்தம் பிறக்கும். "இல்லை" என்ற சொல் பட்டியலிற் பலமுறை வந்தால், அது தானே ஒரு முறைப்பாடாகி மேலிடத்தின் கண்ணில் உறுத்தும்.

ஐந்தாவது, நாட்குறிப்பு. விபரக்கொத்துக்களின் கொடிய பகை பழமை. மாறிய தொலைபேசி எண்ணும், இடம்பெயர்ந்த அலுவலகமும், ஓய்வு பெற்ற உத்தியோகத்தரின் பெயரும் அப்படியே கிடந்தால், அப்பட்டியல் வழிகாட்டியாகாது, வழிமயக்கியாகும். தெரியாதவன் நாலுபேரைக் கேட்டாவது போவான். பிழையாகத் தெரிந்துகொண்டவனோ கேளாமலே போய் ஏமாறுவான். எனவே ஒவ்வொரு பதிவின் கீழும் அது கடைசியாக எந்நாளிற் சரிபார்க்கப்பட்டது என்பது எழுதப்படல் வேண்டும். ஓராண்டு சரிபார்க்கப்படாத பதிவு தானாகவே ஓர் எச்சரிக்கைக் குறியைத் தாங்குதல் வேண்டும். பிழை கண்டவர் அதனைத் தெரிவித்தற்கு எளிய வழி ஒன்றும், தெரிவித்தபின் இத்தனை நாளில் திருத்தப்படும் என்ற வாக்கும் இருத்தல் நன்று.

இவ்வேலையை யார் செய்வது? முழுவதையும் அரசாங்கத்தின் தலையில் ஏற்றிவிட்டு அமர்ந்திருத்தல் தகாது. முழுவதையும் தொண்டர்மேற் சுமத்திவிட்டு அரசாங்கம் ஒதுங்கியிருத்தலும் தகாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், ஒவ்வொரு பகிரங்க அதிகாரசபையும் தகவல் உத்தியோகத்தர் ஒருவரை நியமிக்கவேண்டும் என்கிறது. எழுத்திற் கேட்ட வேண்டுகோளுக்கு அவர் பதினான்கு வேலைநாட்களுள் முடிவு கூறல் வேண்டும். ஊரிலுள்ள வாசிகசாலையோ, சனசமூக நிலையமோ, இளைஞர் கழகமோ இச்சட்டத்தின் துணைகொண்டு அலுவலகங்களிடமிருந்து விபரங்களை எழுத்திற் பெறலாம். செவிவழிச் செய்தியைக்காட்டிலும் கையொப்பமிட்ட விடை பட்டியலுக்கு உறுதி தரும்.

தொண்டர் முயற்சி நிலைக்குமா என்று ஐயுறுவோருக்கு, ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்னூல்களாக்கிப் பேணும் நூலகம் என்னும் முயற்சியைச் சுட்டலாம். 2005ஆம் ஆண்டளவிலே தன்னார்வலர் சிலரால் தொடங்கப்பட்ட அது இன்றும் வளர்ந்துவருகிறது. ஒவ்வோர் ஆவணத்துக்கும் தனியெண் கொடுத்தல், நூலாசிரியர், பதிப்பகம், ஆண்டு என்று பல வழிகளால் தேட விடுதல் ஆகிய நல்ல ஒழுங்குகளை அங்கே காணலாம். நூலுக்கு ஆன ஒழுங்கு அலுவலகப் பட்டியலுக்கும் ஆகும்.

பாடசாலைகளும் இதிற் பங்குகொள்ளலாம். ஆண்டுக்கு ஒருமுறை, உயர்வகுப்பு மாணவர் தம் ஆசிரியர் மேற்பார்வையில், பட்டியலில் உள்ள பொது எண்களை அழைத்துச் சரிபார்த்தலும், இடங்களின் பெயரைத் தமிழிற் பிழையற எழுதிப் பார்த்தலும் நல்ல பயிற்சியாகும். கடிதம் எழுதுதல், விண்ணப்பம் நிரப்புதல் என்று பாடப்புத்தகத்திற் படித்ததை உண்மையான காரியத்தோடு இணைத்துப் பார்க்கும் வாய்ப்பும் அவர்களுக்குக் கிட்டும். தம் பாட்டிக்குச் சேமலாப நிதி பெறும் வழியை ஒரு சிறுமி வாசித்துச் சொல்லக்கூடுமானால், அவள் கற்ற கல்வியின் பயனை அக்குடும்பம் அன்றே உணரும்.

ஆறாவது, காப்பு. விபரம் தருதல் நன்று. எல்லா விபரமும் தருதல் நன்றன்று. பொது அலுவலகத்தின் எண் பட்டியலில் இருக்கலாம். தனியார் ஒருவரின் வீட்டெண்ணும் அடையாள அட்டை இலக்கமும் அவர் இசைவின்றி இருத்தல் கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதனை வற்புறுத்தும். அன்றியும், பணம் கொடுத்தோரின் விளம்பரத்தைப் பட்டியலின் பதிவோடு கலந்து அச்சிடுதல் பெருந்தீங்கு. "படிவம் நிரப்பித் தருவோம்" என்று கூறித் தரகு வாங்குவோர் முதலிடத்திலும், கட்டணமின்றி அப்பணியைச் செய்யும் அரசாங்க அலுவலகம் இறுதியிலும் வருமாயின், ஏழையின் பையிலிருந்து பணம் பறிக்க விபரக்கொத்தே துணைநின்றதாகும். விளம்பரம் வேண்டுமாயின் அதற்கெனத் தனிப்பக்கம் ஒதுக்கி, அது விளம்பரம் என்று தெளிவாகக் கூறிவிடல் வேண்டும்.

ஏழாவது, இடர்க்காலம். 2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆந் தேதி, மாவனல்லைக்கு அயலிலுள்ள அரநாயக்கப் பகுதியிலே சாமசர மலை சரிந்து விழுந்தது. ஊர்களை மண் மூடியது. உயிர்கள் பல அழிந்தன. 2025ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வீசிய டித்வா சூறாவளியாலும் மலைப்பிரதேசங்களில் மண்சரிவும் வெள்ளமும் பெருஞ்சேதம் விளைத்தன. அத்தகைய நாளிலே மின்சாரம் நின்றுவிடும்; கைத்தொலைபேசியும் ஊமையாகும். இணையத்தில் எத்துணைச் சிறந்த பட்டியல் இருந்தும் அன்று அது கைகொடாது. ஆதலின் இணைய விபரக்கொத்தின் சாரத்தை ஒரு தாளிலே அச்சிட்டு, கோயில் மண்டபம், பள்ளிவாசல், விகாரை, பாடசாலை, கூட்டுறவுக் கடை, பிள்ளை மடுவம் ஆகிய இடங்களில் ஒட்டுதல் வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, நோயாளர் ஊர்திச் சேவையின் 1990, பொலிஸின் 119 ஆகிய எண்களோடு, தோட்டத்துக்கு அண்மையில் உள்ள பாதுகாப்பான இடமும் அதற்குரிய வழியும் அத்தாளில் இருக்கட்டும். மழை தொடங்கியபின் தேடுதல் காலங்கடந்த செயல்.

வாசிக்க இயலாதாரையும் மறத்தல் கூடாது. கண்பார்வை குன்றிய முதியவருக்கும், எழுத்தறியாத பெண்ணுக்கும் செவியே வாயில். 1919 என்னும் எண்ணிலே அரசாங்கத் தகவல் நிலையம் மும்மொழியிலும் விடை கூறுகிறது. அவ்வெண்ணைத் தோட்டங்கள் அனைத்தும் அறியச் செய்தல் முதற்பணி. வானொலியும் வாரம் ஒருமுறை, இவ்வாரம் மாறிய விபரங்கள் இவை என்று பிரதேசவாரியாக வாசிக்கலாம். மாலை நேரத்திலே லயத்து வாசலில் வேலைக் களைப்பாறி அமர்ந்திருப்போரின் காதுக்கு அச்செய்தி எட்டும்.

இத்தனையும் செய்யப் பெரும்பணம் வேண்டுமோ என்று அஞ்ச வேண்டுவதில்லை. ஊர்ப் பெயர்களைத் திரட்டப் பணத்தினும் பொறுமையே வேண்டும். நாட்குறிப்பு இடுதற்கு ஒழுங்கு வேண்டும். தெரியாததைத் தெரியாதென்று எழுத நேர்மை வேண்டும். ஒரே நாளில் மாவட்டம் முழுவதையும் எடுத்துக்கொள்ளாமல், மாவனல்லைப் பிரதேச செயலகப் பிரிவில் ஐம்பது பதிவுகளோடு தொடங்கி, அவ்வைம்பதும் ஓராண்டின் பின்னும் பிழையின்றி இருக்குமாறு பேணினால், அதுவே ஆயிரம் பழம்பதிவுகளினும் மேலானது. அதனைப் பார்த்து அயற் பிரிவுகளும் பின்தொடரும்.

தோட்டத்திலிருந்து வந்த அம்முதுபெண்ணை மீண்டும் நினைந்து பார்க்கலாம். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட ஒரு மக்கள்கூட்டத்தின் வழிவந்தவள் அவள். அம்மக்கள் 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தாற் பங்கிடப்பட்டனர். எஞ்சியிருந்தோர் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாற் குடியுரிமை எய்தினர். வாக்காளர் இடாப்பில் அவள் பெயர் ஏற அரைநூற்றாண்டுக் காலம் சென்றது. இனி அவள் வாழும் இடத்தின் பெயரும், அவள் செல்லவேண்டிய வாயிலின் பெயரும், அவள் மொழியிலேயே ஒரு பட்டியலில் ஏறுதற்கு இன்னொரு தலைமுறை காத்திருத்தல் வேண்டுமோ?

நல்லதொரு விபரக்கொத்து இருக்குமாயின், அவள் ஒரே நாளில், உரிய பத்திரங்களோடு, உரிய அலுவலகத்துக்குச் செல்வாள். பெயரில் உள்ள பிழையை முன்னரே திருத்திக்கொண்டிருப்பாள். மதியப் பேருந்தில் வீடு திரும்புவாள். மறுநாட் காலை அவள் மகன் பெரட்டுக்களத்தில் நிற்பான். அவன் பேரும் செக்ரோலில் விழும்.